நான் ஒட்டிய ஜன்னல்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்கு பேஸ்டிங் வேலை. நான் ஒட்டினால் பிரியாது என்று என் மனைவி செல்வி ஊரெல்லாம் பெருமை பேசுவாள். முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவளால் உட்கார முடியவில்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் படுக்க வைத்தே கூட்டிப்போக, ஒரு பழைய வேனில் சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் கட்டில் போட்டேன்.

தள்ளித் திறக்கும் அந்த ஜன்னலில் மழைநீர் ஒழுகியது. ஷூ ஒட்டும் சொல்யூஷனைக் கண்ணாடியைச் சுற்றிப் பூசினேன். கண்ணாடி ஓடும் பள்ளத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. ஒழுகலுக்கு இவைதான் காரணம் என்று நினைத்து, தோல் துண்டு வைத்து அவற்றையும் ஒட்டி அடைத்தேன்.

வேலூர் போகும் வழியில், மாதனூர் தாண்டியதும் பெருமழை. முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, பிரேக் அடித்தேன். பின்னால் செல்வி அலறினாள். ஜன்னல் பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அவள்மேல் கொட்டியிருந்தது.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடினேன். அவளை நான் தனியாகத் தூக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. சட்டையைக் கழற்றித் தண்ணீரை ஒற்றினேன். நான் பூசாமல் விட்ட ஏதோ இடுக்கில் தண்ணீர் புகுந்து, ஒற்ற ஒற்றப் பள்ளம் நிரம்பியது. புகுந்த தண்ணீர் வெளியே போகத்தான் அந்த ஓட்டைகள் என்று அப்போதுதான் உறைத்தது. நகத்தால் பிறாண்டினேன். சாவியால் குத்தினேன். தோல் அசையவே இல்லை.

"இன்னா பண்றீங்க?" என்றாள், நடுங்கியபடி.

"ஒட்டுனது வரமாட்டேங்குது செல்வி."

"நீங்க ஒட்டுனா எப்படி வரும்?"

அந்த நிலையிலும் அவள் குரலில் அதே பெருமை. நான் ஒட்டிய ஒன்று பிரிந்து வரட்டும் என்று சாமியிடம் கெஞ்சியது அன்றைக்குத்தான்.