என் தம்பி இளைத்த கதை

என் தம்பி ரியோஹெய் சுமோவை விட்டுவிட்டு ஷிமோனிதாவுக்குத் திரும்பியபோது அவனுக்கு வயது முப்பத்து மூன்று, எடை நூற்றைம்பத்திரண்டு கிலோ. பதினைந்து வயதில் பள்ளியிலிருந்து நேராக டோக்கியோவில் ஒரு சுமோ கூடத்தில் சேர்ந்தவன். சுமோவில் ஆறு படிகள். ஐந்தாவது படிக்கு ஏறினால்தான் சம்பளம். அவன் நான்காவது படியை ஒரே ஒரு முறை தொட்டான். அங்கே இரண்டு போட்டிகள் ஆடினான். பிறகு முழங்கால் போயிற்று. வந்த வழியே கீழே இறங்கினான். சுமோ வீரர்கள் வைத்திருக்கும் கொண்டையை அறுத்துக்கொண்டு ஒரே ஒரு பையுடன் வீட்டு வாசலில் நின்றான்.

"வந்துட்டேன்கா" என்றான்.

"உள்ள வா" என்றேன்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். கொன்யாகு பட்டறையில் வேலை. எங்கள் மலைச்சரிவில் விளையும் கொன்யாகு கிழங்கின் மாவைக் கூழாக்கி, துளைத்தட்டு வழியே கொதிக்கும் சுண்ணாம்பு நீரில் பிழிவோம். கண்ணாடி நூல் போல வந்து விழும். அதுதான் ஷிராதாகி. இருபத்து மூன்று வருடமாக நான் அந்தத் தட்டின் முன்னால்தான் நிற்கிறேன்.

அவன் வந்த மூன்றாம் வாரம், பாய் முழுக்கச் சிவப்புத் தடங்கள். அடுக்களையிலிருந்து குளியலறை வரை போயிருந்தன. அவன் காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்காலில் நாள்காட்டி மாட்டும் சின்ன ஆணி தலை வரை இறங்கியிருந்தது.

"வலிக்கலையாடா?"

"எது?" என்றான்.

நெகிஷி டாக்டர் அவன் பாதத்தில் மெல்லிய நைலான் நூலால் பத்து இடத்தில் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போது சொல்லச் சொன்னார். ரியோஹெய் ஒரு முறைகூட வாயைத் திறக்கவில்லை. முடிந்துவிட்டது என்று சொன்னபோதுதான் கண்ணைத் திறந்தான்.

"சர்க்கரை பல வருஷமா இருந்திருக்குங்க. நரம்பு செத்துக்கிட்டு வருது. நாப்பது கிலோவாவது குறைக்கணும். இல்லேன்னா இந்தக் காலு உங்களுதா இருக்காது" என்றார் டாக்டர்.

"சரிங்க" என்றான் அவன், யாரோ மணி சொன்னது போல.

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். பட்டறையில் அறுந்துபோன ஷிராதாகியைப் பை பையாகக் கட்டி எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. டாக்டரிடம் கேட்டேன். "குடுங்க. ஆனா அது மட்டும் போதாது. முட்டை, மீன், டோஃபு, கீரை எல்லாம் கூட இருக்கணும். நல்லா மெல்லச் சொல்லுங்க" என்றார்.

அன்றிலிருந்து நூடுல்ஸுக்குப் பதில் ஷிராதாகி. சோற்றில் முக்கால் பங்கு, அரிசி மணி போலவே வெட்டிய கொன்யாகு. அதற்கு ஒரு மீன் வாடை உண்டு. ஐந்தாறு தண்ணீரில் அலசி, கொதிக்க வைத்து வடித்து, எண்ணெய் இல்லாமல் வாணலியில் கீச்சுக் கீச்சென்று சத்தம் வரும்வரை வறுத்தால் போகும். முதல் நாள் அப்படிச் செய்து வைத்தேன். குனிந்த தலை நிமிராமல் தின்று முடித்தான்.

"எப்படிடா இருக்கு?"

"வாய்ல ஏதோ இருந்துச்சு. இப்ப இல்ல."

பட்டறையில் என் பக்கத்தில் நிற்கும் தொமிசாவா அக்கா சிரித்தாள். "உன் தம்பிக்குன்னே தனியா ஒரு வயல் போடணும்டி. ஆனா பாரு, பத்து நாள்ல ராமென் கடைப் பக்கம் ஓடிடுவான். என் வீட்டுக்காரரு மூணே நாள்தான் தாக்குப் பிடிச்சாரு."

அவன் எங்கும் ஓடவில்லை. முதல் வருடம் இருபத்தெட்டு கிலோ குறைந்தது. இரண்டாம் வருடம் இருபது. மூன்றாம் வருடம் தொண்ணூற்றைந்தில் வந்து நின்றான். தோல் மட்டும் அவன் கூட வரவில்லை. வயிற்றில் மடித்த போர்வை போலத் தொங்கியது. சர்க்கரை அடங்கியது. கால் தப்பியது. ஆனால் பாதத்துக்கு உணர்ச்சி திரும்பவில்லை. தினமும் காலையில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் காலுறை போடுவான்.

ஊர் முழுக்க அவன் பேச்சுதான். "என்ன வைராக்கியம்! சுமோக்காரன்னா சும்மாவா" என்பார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டுவேன்.

முதியோர் இல்லத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. வயதானவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டுகிற வேலை. கொய்கே அம்மாள் என்று ஒருத்தி, நினைவு தப்பியவள். அவன் பருமனாக இருந்தபோது அவன் வந்தால்தான் குளிப்பாளாம். இளைத்த பிறகும் அவன்தான் தூக்கினான். அவளோ ஒவ்வொரு முறையும் அவனிடமே கேட்டாள்.

"அந்தப் பெரிய பையன் எங்கேப்பா? இப்பல்லாம் வர்றதே இல்லியே?"

"லீவுல போயிருக்கான்மா."

"வந்தா என்னைப் பாக்கச் சொல்லு."

"சொல்றேன்மா."

இதை அவன் என்னிடம் சொன்னபோது முகத்தில் வருத்தமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

அந்த வருடம் அவனுடைய சுமோ கூடத்தின் குரு ஓய்வு பெற்றார். கூடத்தை மூடுவதற்கு முன் பழைய ஆட்களை எல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். நானும் துணைக்குப் போனேன். வாசலில் அவனுக்கு மூத்தவரான ஒசாதா நின்றிருந்தார்.

"சாமான் கொண்டாந்தீங்களா? பின்பக்கமா போங்க" என்றார் இவனைப் பார்த்து.

"அண்ணே, நான்தான். ரியோஹெய்."

ஒசாதா மேலும் கீழும் பார்த்தார். "அடப்பாவி! மீதி ஆள எங்கடா விட்டுட்டு வந்த?"

உள்ளே பெரிய பானையில் கோழியும் முட்டைக்கோஸும் கொதித்தன. ரியோஹெய் ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டான். ஒசாதா அவன் முதுகில் அறைந்தார். "அன்னைக்கு நாங்க ஊட்டுன ஊட்டெல்லாம் வீணாப் போச்சேடா! மூங்கில் கம்பு ஞாபகம் இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். ரியோஹெய்யும் சிரித்தான். "இருக்குண்ணே" என்றான்.

திரும்பும் ரயிலில் கேட்டேன். "அது என்னடா மூங்கில் கம்பு?"

அவன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான். "சேர்ந்தப்ப நான் எழுபத்தோரு கிலோக்கா. ஒரு வேளைக்கு எட்டுக் கிண்ணம் சோறு. முடியலேன்னா பின்னாடி கம்போட நிப்பாங்க. வாந்தி எடுத்தா, வாயைக் கழுவிட்டு வந்து மறுபடி உக்காரணும். ஒரு வருஷம் அப்படி. அதுக்கப்புறம் எனக்குப் பசின்னா என்னன்னு தெரியலக்கா. நிறைஞ்சதும் தெரியல. வெச்சா திம்பேன். எடுத்தா எந்திரிப்பேன்."

"அப்ப இந்த மூணு வருஷமும்?"

"எல்லாரும் வைராக்கியம்ங்கறாங்க. வைராக்கியம் எதுக்குக்கா? எனக்குதான் பசிக்கவே இல்லியே."

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. என் மடியில் கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். சுண்ணாம்பில் வெந்து வெளுத்த கைகள். ஷிமோனிதா வந்தது. இறங்கினோம்.

நெகிஷி டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினார். "எடை குறைஞ்சது போதும். இனிமே அவரு முன்னாடி ரெண்டு தட்டு வைங்க. எது வேணும்னு அவரே எடுக்கட்டும்" என்றார்.

அப்படியே வைத்தேன். நான்கு மாதம், எந்தத் தட்டு கைக்குப் பக்கத்தில் இருந்ததோ அதைத்தான் எடுத்தான். போன ஜூனில் ஒரு நாள், குளிர்ந்த ஷிராதாகியில் எள்ளுச் சாறு ஊற்றி அவன் பக்கமாக வைத்திருந்தேன். இரண்டு வாய் தின்றான். குச்சிகளைக் கீழே வைத்தான்.

"அக்கா, இது எனக்குப் பிடிக்கல."

எனக்குக் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று தெரியவில்லை. "எது, எள்ளுச் சாறா? ஷிராதாகியா?"

"ரெண்டும்தான்."

"இன்னைக்கு மட்டுமா?"

யோசித்தான். "மூணு வருஷமாவே பிடிக்கலைன்னு நினைக்கிறேன்."

"அதை ஏண்டா அப்பவே சொல்லல?"

"இப்பதான் தெரிஞ்சுதுக்கா."

அந்தத் தட்டை எடுத்துவிட்டு, வறுத்த கானாங்கெளுத்தி மீனும் ஒரு சின்னக் கிண்ணம் வாற்கோதுமைச் சோறும் கொடுத்தேன். தின்றான். அது பிடித்ததா என்று கேட்டேன். தெரியவில்லை என்றான்.

இப்போது அவன் தொண்ணூற்றெட்டு கிலோ. மூன்று கிலோ ஏறியதற்கு டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைத் தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன். பிடிக்காதவை என்று இதுவரை நான்கு சொல்லியிருக்கிறான்: ஷிராதாகி, எள்ளுச் சாறு, வேகவைத்த பூசணி, ஒசாதா அண்ணன். பிடித்தது என்று இன்னும் எதையும் சொல்லவில்லை.