ஆட்டுக்குட்டி மார்க் மத்தாப்பு

போன வாரம் வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். வேலை முடிந்ததும் பெயின்டர் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றி பிரஷ்ஷைக் கழுவினார். மண்ணெண்ணெயும் நிறமும் கலந்த அந்த வாடை வாசலைத் தாண்டி நான் கட்சிக்காரரோடு பேசிக்கொண்டிருந்த அறைக்குள் வந்துவிட்டது. பேசுவதை நிறுத்திவிட்டேன். பாவம், அந்த மனிதர் ஏதோ சட்டச் சிக்கலை யோசிக்கிறேன் என்று நினைத்து அமைதியாகக் காத்திருந்தார். நானோ மனதுக்குள் பல வருடம் பின்னால் போய், திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன்.

சிவகாசியை ஒட்டிய அந்தப் பக்கத்து அச்சகத் தெருக்களுக்கு அந்த வாடைதான். மையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்பார்கள். விருதுநகரிலிருந்து பஸ் கிளம்பி ஆமத்தூர் தாண்டி வரும்போதே மூக்குக்கு ஊர் தெரிந்துவிடும். இன்னும் கொஞ்சம் போனால் கந்தக வாடை. நான் அப்போது ஜூனியர் வக்கீல். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். பாதி நாள் விருதுநகரில் சீனியர் அலுவலகம், பாதி நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட நீதிமன்றம். இடைப்பட்ட நேரமெல்லாம் பஸ்.

சட்டக் கல்லூரியில் எனக்கு வணிகச் சட்டம்தான் பிடித்த பாடம். கப்பல், இன்சூரன்ஸ், அயல்நாட்டு ஒப்பந்தம் என்று படித்துவிட்டு, பெரிய பெரிய மோசடிகளைச் சிவில் கோர்ட்டில் வைத்துக் கிழிக்கப்போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். சீனியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லதும்மா. வர்ற கட்சிக்காரங்களுக்கு மொதல்ல டீ சொல்லிட்டு வா” என்றார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. டீ வந்தபிறகுதான் யாரும் உண்மையைப் பேசுவார்கள் என்பது அவருடைய கொள்கை.

அப்படி நான் டீ சொன்ன ஒரு நாளில்தான் செல்லத்தாய் அக்கா வந்தார். எம். புதுப்பட்டிக்காரர். களையெடுக்கப் போய், அப்புறம் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போய், கடைசியில் கடனை உடனை வாங்கிச் சொந்தமாக ஒரு சின்ன யூனிட் போட்டவர். கம்பி மத்தாப்பு மட்டும். பெட்டியின் மேல் சிவப்புக் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண், ஆட்டுக்குட்டியை அணைத்தபடி சிரிப்பாள். அந்தப் பெண் அவருடைய மகள் ரேவதி. ஸ்டுடியோவில் எடுத்த போட்டோவை வைத்து வரைந்த படம். ‘ஆட்டுக்குட்டி மார்க்’ என்று முறையாகப் பதிவும் செய்திருந்தார்.

அக்கா மேசைமேல் இரண்டு பெட்டிகளை வைத்தார். இரண்டிலும் அதே ரேவதி, அதே குட்டி.

“இதுல ஒண்ணு என்னுது இல்ல சார்.”

எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. பிரித்துப் பார்த்தால்தான் ஒன்றில் கம்பி மெலிசாக இருந்தது. பற்றவைத்தால் பாதியில் அணைந்துவிடும் சரக்கு. வடக்கே இருக்கும் ஏஜெண்டு அதைத் திருப்பி அனுப்பி, இன்னொரு லோடு இப்படி வந்தால் அடுத்த சீசனிலிருந்து ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு ஏஜெண்டுதான். அவரும் போனால் யூனிட்டைப் பூட்டிவிட்டு மறுபடி யாரிடமாவது கூலிக்குப் போக வேண்டியதுதான். தீபாவளிக்கான லோடுகள் ஏறத் தொடங்கும் நேரம் அது.

செய்தது யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. கொழுந்தன் பால்ராஜ். முதலில் அக்காவின் யூனிட்டுக்காக வடக்கே போய் ஆர்டர் பிடித்துவந்தவர். மனஸ்தாபத்தில் பிரிந்துபோய் அதே ஊரில் தனியாக யூனிட் போட்டிருந்தார்.

வழக்குப் போட்டோம். பால்ராஜ் பதில் மனுவில், அப்படி ஒரு லேபிளை எங்கும் அச்சடிக்கவில்லை, கண்ணால் பார்த்ததும் இல்லை என்று சத்தியம் செய்திருந்தார். ஏஜெண்டு சாட்சிக்கு வர மறுத்துவிட்டார். கமிஷனராக ஒரு வக்கீலை அனுப்பிப் போலி லேபிள்களைக் கைப்பற்ற வேண்டும் என்று சீனியர் கேட்டபோது, நீதிபதி அமைதியாக, “எந்தப் பிரஸ் என்று சொல்லுங்கள். சிவகாசி முழுக்கக் கமிஷனரை அனுப்ப முடியாது” என்றார். நியாயம்தான். அந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு பிரஸ்மேல்தான் விழும்.

வாய்தாவுக்கு வாய்தா நான் பார்த்த வேடிக்கை வேறு. செல்லத்தாய் அக்காவின் வீட்டுக்காரர் கருப்பசாமி அண்ணன், உள்ளே தன் வீட்டு வழக்கு நடக்கும்போது வெளியே வேப்பமரத்தடியில் எதிர்க்கட்சிக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார். “ஏலே, காலைல சாப்பிட்டியாலே?” என்று தம்பியைக் கேட்பது என் காதில் விழும். அக்கா பார்த்தும் பார்க்காத மாதிரி என் பக்கம் திரும்பி, “அது அவுக அண்ணன் தம்பி வெவகாரம். இது எங்க வெவகாரம்” என்பார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் அச்சடித்த தாளை யாரும் எறியமாட்டார்கள். மெஷினை ஓட்டத் தொடங்கும்போது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது. உட்காரும்வரை தாள்களை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். அப்படிக் கழிந்த தாள்தான் எங்கள் பாடப் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் பிரஸ்ஸில் வேலை பார்த்ததால் எனக்கு எப்போதும் உசத்தியான தாள் கிடைக்கும். என் ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின்மேல் நான்கு கண்ணுடைய லட்சுமி வருடம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். டீச்சர் புத்தகத்தை வாங்கும்போதெல்லாம் ஒருமுறை கண்ணைக் கசக்கிக்கொள்வார். மிச்சத் தாள் பலசரக்குக் கடைக்கும் டீக்கடைக்கும் போகும்.

ஒரு வாய்தா இப்படியே தள்ளிப்போன நாளில், நானும் அக்காவும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். அக்காவின் தங்கச்சியைத் திருத்தங்கலில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளைப் பார்க்கப் போனார். நான் அப்படியே விருதுநகர் போயிருக்க வேண்டியவள். அக்கா விடவில்லை.

“மூஞ்சி வாடிக் கெடக்கு வக்கீலம்மா. எறங்குங்க, ஒரு வடையத் தின்னுட்டு அடுத்த வண்டிக்குப் போவீக.”

கறுப்புக் கோட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு ஒரு பெண் டீக்கடை வாசலில் நிற்பது அன்றைக்கு அங்கே பார்க்கத்தகுந்த காட்சிதான். ஆண்கள் பெஞ்சைக் காலிசெய்து கொடுத்துவிட்டு நின்றுகொண்டே எங்களைப் பார்த்தார்கள். கடைக்காரர் ஆணியில் குத்தியிருந்த தாளில் ஒன்றைக் கிழித்து, உளுந்த வடையைச் சுற்றி அக்காவிடம் நீட்டினார். அக்கா பிரித்தவர், சாப்பிடவில்லை.

தாளில் ரேவதி சிரித்தாள். கவுன் ஒரு பக்கம் நகர்ந்து நின்றது. ஆட்டுக்குட்டிக்கு இரண்டு தலை.

சட்டப் புத்தகங்களில் இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எதுவும் போட்டிருக்கவில்லை. அக்கா வடையை என் கையில் வைத்துவிட்டு, முந்தானையால் மகளின் முகத்தில் இருந்த எண்ணெயை ஒற்றியெடுத்தார். குரல் மாறாமல் கடைக்காரரிடம் கேட்டார்.

“தாளு நல்ல வழுவழுன்னு இருக்கேண்ணே. எங்கன வாங்குறீக?”

“வாங்குறதாவது. எதுத்த சந்துல பிரஸ்ஸு இருக்குல்ல, அங்கனருந்து கொண்டாந்து போடுவாக. நேத்துகூட ஒரு கட்டு வந்துச்சு.”

“அப்படியா. இன்னும் அஞ்சு வடை கட்டுங்க. தனித்தனியா கட்டுங்கண்ணே, தங்கச்சி வீட்ல பிள்ளைக சண்ட போடும்.”

அக்கா தங்கச்சி வீட்டுக்குப் போகவில்லை. என்னோடு விருதுநகர் பஸ்ஸில் ஏறிவிட்டார். ஊர் வரும்வரை அந்தப் பொட்டலங்களை மடியிலேயே வைத்திருந்தார். வண்டி ஆமத்தூரில் நின்றபோது, “எம்பிள்ளய வச்சு வடை கட்டுறானே” என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வடையைப் பிரித்தால் சான்றைக் கலைத்தது மாதிரி ஆகிவிடுமோ என்ற பயத்தில், பொட்டலங்களைப் பிரிக்காமல் அப்படியே சீனியர் மேசையில் வைத்தேன். அவர் நிதானமாக ஒவ்வொன்றாகப் பிரித்து, தாள்களை ஒரு பக்கமும் வடைகளை ஒரு தட்டிலும் வைத்தார். குமாஸ்தாவைக் கூப்பிட்டு டீ சொன்னார். அரைமணி நேரத்தில் சான்றில் பாதியை நாங்கள் எல்லோருமாகத் தின்று தீர்த்துவிட்டோம். மீதிப் பாதி அக்காவின் சத்தியப் பிரமாணத்தோடு நீதிமன்றம் போனது. அங்கே வாங்கிய ஊழியர் தாளை முகர்ந்து பார்த்துவிட்டு, “வக்கீலம்மா, இதுல மிளகு ஒட்டியிருக்கு” என்றார். மிளகோடுதான் அது கோப்பில் சேர்ந்தது.

பால்ராஜ் ஒன்றும் விவரம் இல்லாதவர் அல்ல. சிவகாசியில் அடித்தால் தெரிந்துவிடும் என்று திருத்தங்கலுக்கு வந்திருக்கிறார். அச்சான லேபிளைச் சிமெண்ட் சாக்கில் போட்டு ஏற்றியிருக்கிறார். எல்லாம் யோசித்தவருக்குக் கழிந்த தாளைக் கேட்டு வாங்கி எரிக்கத் தோன்றவில்லை. தாளை வீணாக்குவது எங்கள் ஊரில் கெட்ட கனவில்கூட வராது. கமிஷனர் போய் நின்றபோது பிரஸ்காரரும் எதையும் மறைக்கவில்லை. “பால்ராஜுதான் ஆர்டர் குடுத்தாரு. அவுக குடும்பத்து லேபிளுதானேன்னு போட்டேன்” என்று சொல்லிவிட்டார்.

தடையுத்தரவு கிடைத்தது. பால்ராஜ் குடோனில் ரேவதி படத்தோடு அடுக்கியிருந்த பெட்டிகள் அப்படியே நின்றன. சீனியர் நஷ்டஈட்டுக்கு மனு எழுத உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்போதுதான் அதுவரை வாயே திறக்காத கருப்பசாமி அண்ணன் அலுவலகத்துக்கு வந்து சுவரோரமாக நின்று பேசினார்.

“அங்க வேல பாக்குறதும் நம்ம ஊருப் பொம்பளைகதான். சரக்கு நின்னா இந்தத் தீவாளிக்கு அவுகளுக்குப் போனசு கெடையாது.”

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. சீனியரிடம்தான் சொன்னார். “சரக்கு அவன் சரக்கு. நல்லதோ கெட்டதோ அவன் பேருல போகட்டும். எம்பிள்ளய மட்டும் எறக்கி விட்டுறச் சொல்லுங்க.”

அப்படியே சமரசம் எழுதினோம். சரக்கை வேறு பெட்டிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய பெட்டிகளை அழித்துவிட வேண்டும். சரியாக நடக்கிறதா என்று பார்க்க நானும் அக்காவும் போனோம். பட்டாசு ஆலைக்குள் நெருப்புக் கூடாது, அதனால் எரிக்க முடியாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டார்கள். தொட்டி நிறைய ரேவதி மிதந்தாள். பால்ராஜ் ஒரு கம்பால் பெட்டிகளை அமுக்கிக்கொண்டே இருந்தார். அமுக்க அமுக்க மேலே வந்தன.

“மதினி” என்றார், தலையைத் தூக்காமல். “போட்டோ பிடிக்க அந்தக் குட்டியத் தூக்கிட்டு வந்தது நானு. என் சட்டையெல்லாம் நனைச்சிருச்சு. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. அதுக்காவ?”

அக்கா அவர் கையிலிருந்த கம்பை வாங்கி மிச்சத்தைத் தானே அமுக்கினார். எனக்கு அன்று அழுகை வந்தது. வெற்றிபெற்ற கட்சியின் வக்கீல் எதிர்க்கட்சியின் தொட்டியடியில் நின்று அழுவது அழகல்ல என்று கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஏஜெண்டு தங்கினார். அக்காவின் யூனிட் அதற்குப்பின் பல தீபாவளி பார்த்தது. நானும் மதுரைக்கு மாறி வந்துவிட்டேன். பிறகு விதிகள் மாறின. சின்ன யூனிட்டுகளுக்கு மூச்சு முட்டியது. ரேவதி கோயம்புத்தூரில் வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டாள். அக்கா யூனிட்டை மூடிவிட்டு மகளோடு போய்விட்டார். பால்ராஜும் மூடிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு வருடம் முன்பு பால்ராஜ் அண்ணன் எனக்குப் போன் செய்தார். பேரைச் சொன்ன பிறகுதான் குரலை அடையாளம் கண்டேன்.

“வக்கீலம்மா, மதினியோட மார்க்கு இருக்குல்ல, அதுக்குக் கெடு முடிஞ்சிருச்சுங்கிறாக. புதுப்பிக்க எம்புட்டு ஆகும்? நான் கட்டுறேன். அவுக பேருலயே இருக்கட்டும். அவுகளுக்குத் தெரிய வேண்டாம்.”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்த்தேன். கெடு மட்டுமல்ல, அதற்குப்பின் தரும் அவகாசமும் தீர்ந்துபோயிருந்தது. பூட்டிய வீட்டு முகவரிக்கு அறிவிப்பு போயிருக்கிறது. மறுநாள் அவரைக் கூப்பிட்டு, இப்போது அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று விளக்கினேன்.

“யாராச்சும் போட்டுக்கிட்டாகளா?” என்றார்.

“இல்லண்ணே.”

“போட்டா சொல்லுங்க.”

சரி என்றேன். அதிலிருந்து, வேலையில்லாத மதியங்களில் கம்ப்யூட்டரில் அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்துக்கொள்கிறேன். இன்றுவரை யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.