ஹெலன் எழுதிய ஒப்பாரி

சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே இருக்கும் காலனியில் ஹெலன் பேச்சை எடுத்தால் முதல் கேள்வி, "எந்தப் படத்துக்குப் பாட்டு போட்டுது?" என்பதுதான். ஒரு படத்துக்கும் போடவில்லை, போடவும் மாட்டாள். வயலினும் செல்லோவும் வாசிக்கிறவர்கள் எந்த இடத்தில் எதை வாசிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சுரம் சுரமாகத் தாளில் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. அது ஒரு வேலையா என்று கேட்டால், ஆமாம், வேலைதான்.

அப்பா ஏசுபாதம் சித்தாள் வேலையில் தொடங்கிக் கொத்தனார் ஆனவர். அம்மா செங்கம்மாள் நடவுக்குப் போனவள். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவள் வந்தால்தான் ஒப்பாரி எழும்பும். மகளோ மாதா கோயில் கீபோர்டில் கை பழகி, படித்து, கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிச் சம்பளம் வாங்கினாள். வாங்கின சம்பளத்தில் பாதி சென்னையில் பாட்டு வகுப்புக்குப் போனது. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு உதவித்தொகையில் ஜெர்மனிக்குப் போய்விட்டாள். "பைத்தியம் புட்ச்சிக்கிச்சா?" என்று செங்கம்மாள் கத்தியதோடு சரி, தடுக்கவில்லை.

அங்கே இருக்கும்போதுதான் தம்பி ஜெபசிங் போனான். டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவனைத் திருவிடந்தை பக்கம் லாரி அடித்துவிட்டது. ஹெலனுக்கு விமானம் கிடைக்கவில்லை. அடக்கத்தன்று ஏசுபாதம் வீடியோ காலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி முகத்தைப் பார்க்க முடியாத அளவுக்குக் கூட்டம். அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. பிள்ளையை அடக்கம் செய்த பிறகு செங்கம்மாள் வாயை மூடியவள்தான். எந்தச் சாவுக்கும் போகவில்லை, பாடவில்லை, அழவும் இல்லை.

ஹெலன் அங்கே அந்தக் குரலை வைத்து நாலு வயலினுக்கும் ஒரு செல்லோவுக்கும் எழுதினாள். பெரிய பெரிய அரங்கில் வாசித்தார்கள், எழுந்து நின்று கை தட்டினார்கள். ஊர் திரும்பியதும் அதை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் வீட்டு நடுவிலே ஸ்பீக்கரை வைத்துப் போட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது.

செங்கம்மாள் அரிசி களைந்த கையோடு ஓடி வந்தாள்.

"ஏண்டி, இது எம்புள்ளைக்கு நான் அழுத அழுவ ஆச்சே! சாவு இல்லாத வூட்ல ஒப்பாரி வெக்கிறியா? இன்னும் யார அனுப்பலாம்னு பாக்கற? உங்க நைனாவயா?"

"நான் இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன், விடு" என்று ஏசுபாதம் சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து தாய் மகளோடு பேசவில்லை. தட்டில் சோறு விழும், பேச்சு விழாது. ஹெலனுக்குக் கை தட்டின நாடெல்லாம் அப்போது ஒன்றுமில்லாமல் போனது.

தவக்காலத்தில் கோயில் பாடகர் குழுத் தலைவர் ராஜேந்திரன் வந்தார்.

"ஹெலனு, வெளிநாட்டுக்காரனுக்கெல்லாம் எழுதிக் குடுக்கற. நம்ம கோயிலுக்கு ஒண்ணு குடேன்."

"எங்கிட்ட இருக்கறது ஒண்ணுதாண்ணா. அத்தப் போட அம்மா விடாது."

அடுப்படியிலிருந்து செங்கம்மாள் குரல் கொடுத்தாள், மகளைப் பார்க்காமல்.

"பெரிய வெள்ளி அன்னிக்குக் கோயில்ல சாவு கீது இல்ல? மாதா புள்ளைய மடியில போட்டுகினு அழுவறா இல்ல? அங்க வெச்சிக்கச் சொல்லு. வூட்ல வாணாம்."

"பெரிம்மா, அன்னிக்கு வாத்தியம் கூடாதே! கீபோர்டக்கூட மூடி வெச்சிடுவோம்" என்றார் ராஜேந்திரன்.

"அப்போ வாயால பாடுங்க. நான் இன்னா வயலின வெச்சிகினா அழுதேன்?"

ஹெலன் தாளிலிருந்து வயலினை நீக்கினாள், செல்லோவை நீக்கினாள், எல்லாவற்றையும் குரலுக்கு மாற்றி எழுதினாள். யார் வீட்டிலும் ஒத்திகை கூடாது என்பதால் சதுரங்கப்பட்டினத்துப் பழைய கோட்டைக்குப் பின்னால் கடற்கரையில் நின்று பாடினார்கள். வலை உலர்த்தியவர்கள் ஓடி வந்து, "இன்னா அண்ணாத்த, யாரு போனது?" என்று கேட்டதற்கு ராஜேந்திரன், "ஏசுநாதரு. அடக்கம் வெள்ளிக்கிழம" என்றார்.

பெரிய வெள்ளி வந்தது. சிலுவையை முத்தமிட்டு முடித்ததும் பாட்டு தொடங்கியது. செங்கம்மாள் பெண்கள் பக்கம் கீழே உட்கார்ந்திருந்தாள். முதல் இரண்டு அடி வரை கல் மாதிரி இருந்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்தாள். அடைத்தது நிற்கவில்லை. "ஏன் ராசா..." என்று கிளம்பிய குரலில் பக்கத்துப் பெண்கள் அவள் தோளைக் கட்டிக்கொண்டு வட்டம் கூடினார்கள். அவரவர் வீட்டுச் சாவு அவரவர் வாயில் வந்தது. ஹெலன் எழுதிய ஒரு சுரமும் யார் காதிலும் விழவில்லை.

முன்வரிசையில் பாடிய சியாமளா பயந்துபோய்க் கிசுகிசுத்தாள். "அக்கா, நிறுத்திடட்டுமா?"

"நிறுத்தாத" என்றாள் ஹெலன், கன்னத்தைத் துடைக்காமல். "மெதுவாப் பாடு. அம்மா குரலுக்குக் கீழ பாடு."