பழைய பேக்கரியிலிருந்து இருநூறு மீட்டர்

நாற்பத்தாறு வயதுக்குள் ஸீனியாவுக்கு மூன்று வேலைகள் போய்விட்டன. எரேதியா நகரின் கணினிச் சிப் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் சோதனை மேசையில் இருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, காலைக் காபிக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். பிறகு ஓட்டல் அறைகளைப் போனில் பதிவு செய்து கொடுத்தாள்; அதை இயந்திரம் எடுத்துக்கொண்டது. அடுத்து காப்பீடு விற்றாள். ஏழே மாதத்தில் கிளை மூடப்பட்டது.

"என்னை எடுத்தா கம்பெனி மூடிடும், யோசிச்சுக்குங்க," என்று ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை நேர்முகத்தில் சொன்னாள்.

"இத மூடணும்னா ஊர்ல நோய் நிக்கணும். உட்காருங்க," என்றார் மேற்பார்வையாளர் தோன் ஓல்கெர்.

மூன்று மாதம் சோதனைக் காலம், பழைய சம்பளத்தில் பாதி. ஆனால் சிப் காலத்தில் வேலையைப் பற்றி வீட்டில் வாய் திறக்காதவள், இப்போது சாப்பாட்டு நேரத்தில் கூட இருக்கும் அக்காவைப் பேசவிடுவதில்லை.

மூன்றாவது வாரம், வியாழன் காலை, தொழிற்சாலையின் பழைய மேலாளர் அழைத்தார். கார்த்தாகோ நகரில் புதுத் தொழிற்சாலை, இரு மடங்கு சம்பளம். நண்பகலுக்குள் பதில் வேண்டும்.

பத்து மணிக்கு ஒரு வயதான அம்மாவின் அழைப்பு வந்தது. "கண்ணு, எங்க வீட்டுக்காரர் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டார். எஸ்ட்ரேயா பேக்கரியிலேர்ந்து தெற்கே இருநூறு மீட்டர், பச்சை கேட்டு."

எங்கள் ஊரில் வீட்டு எண் யாருக்கும் தெரியாது. ஏதாவது கடையிலிருந்தோ மரத்திலிருந்தோ இத்தனை மீட்டர் என்றுதான் முகவரி சொல்வோம்; நூறு மீட்டர் என்றால் ஒரு தெரு. ஸீனியா வண்டியை அனுப்பினாள்.

நான்கு நிமிடத்தில் டிரைவரின் குரல் வந்தது. "பச்சை கேட்டே இல்லயே. செருப்புக்கடைதான் இருக்கு."

ஸீனியா அந்த அம்மாவைத் திரும்ப அழைத்தாள். "அம்மா, எந்த பேக்கரி? இப்ப இருக்கிறதா, முன்னாடி இருந்ததா?"

"முன்னாடி இருந்ததுதான். இப்ப இருக்கிறதுல விக்கிறதெல்லாம் ரொட்டியா?"

அந்தக் கடை சந்தைப் பக்கம் மாறிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. வண்டி திரும்பியது. ஸீனியா போனை வைக்கவில்லை. "சட்டைப் பொத்தானக் கழட்டுங்க. சாய்ஞ்சாப்ல உட்கார வைங்க. பேசிக்கிட்டே இருங்க." கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு டிரைவர் சொன்னார்: "உயிர் இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டோம்."

"ஆறு நிமிஷம் வீணாக்கிட்டேன். என்னை நிறுத்திடுவீங்களா?" என்று ஓல்கெரிடம் கேட்டாள்.

"குறிப்புல எழுதுவேன். நிறுத்த மாட்டேன். நானும் ஒரு தடவ, வெட்டி முப்பது வருஷமான அத்திமரத்தத் தேடச் சொல்லி டிரைவர அனுப்புனவன்தான்."

பதினொன்றரைக்கு மேலாளரை அவளே அழைத்தாள்.

"நான் வரல சார்."

"சம்பளம் போதலையா?"

"அது தாராளம். காலைல இங்க ஒரு தப்பு பண்ணேன் சார். அத சரி பண்றதுக்கும் நானே இருந்தேன். எனக்கு இது பிடிச்சிருக்கு."

தோன் ஓல்கெர் தாளை நீட்டினார். ஆறு நிமிடத் தாமதம், காரணம் ஸீனியா என்று எழுதியிருந்தது. படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டாள்.