கொற்கையில் ஒரு முழுக்கு

சீசன் தொடங்கிச் சாரல் விழுந்துவிட்டால் தென்காசியில் எங்கள் வீட்டுக் காகிதமெல்லாம் நமத்துப்போய், அப்பாவின் நோட்டுகளிலிருந்து நனைந்த அரிசிச் சாக்கின் வாடை வரும். அம்மா அவற்றை அப்பளம் காயவைப்பது போல அடுப்படியில் பரப்பி வைப்பாள். அப்பா சம்பளம் வாங்கியது தாலுகா ஆபீஸில். உயிரைக் கொடுத்து எழுதியதோ கொற்கைத் துறைமுகத்தின் வரலாறு. யாரும் வெட்டாமல் கட்டாமல், ஆறு கடலில் சேரும் இடத்தில் தானாக அமைந்த துறை, பாண்டியர் முத்து கப்பலேறிய இடம், குற்றாலத்தில் விழும் நம் சிற்றாற்றுத் தண்ணீரும் தாமிரபரணியோடு கலந்து அங்கேதான் போய்ச் சேர்ந்தது என்று சோற்றில் கை வைத்தபடியே சொல்லிக்கொண்டிருப்பார். எனக்குக் கொட்டாவி வரும்.

அம்மா மட்டும் கேட்பாள். அவளுக்குக் காரணம் இருந்தது. கீழப்பாவூரில் வயலும் வரப்புமாகவே வாழ்ந்து முடித்த அவளுடைய அப்பாவுக்கு ஆண் வாரிசு இல்லை. சாகக் கிடந்தபோது, ஆடி அமாவாசைக்குத் தன் பேரில் கடலில் ஒரு "முழுக்கு" போடும்படி மகளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மாவோ கடலைப் பார்த்ததே இல்லை.

ஊரில் எல்லாரும் அதற்குத் திருச்செந்தூர்தான் போவார்கள். அப்பாவுக்கு அது போதவில்லை. பாண்டியன் குளித்த துறை இருக்கும்போது கூட்டத்தில் எதற்கு இடிபட வேண்டும் என்று, நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம் எங்களைக் கொற்கைக்கு அழைத்துப்போனார். கடல் சற்று விலகியிருக்கிறது என்று அவரே நோட்டில் எழுதியிருந்தார். சற்று என்றால் கூப்பிடு தூரம் என்று நினைத்துவிட்டார். மூன்று பஸ் மாறி, கட்டுச்சோறும் மாற்றுப்புடவையும் சுமந்துகொண்டு இறங்கினால் கண்ணுக்கெட்டியவரை வாழையும் வயலும், நடுவே ஒரு குளமும். நம் மலையிலிருந்தெல்லாம் ஆறு அள்ளிவந்த மண்ணே துறையைத் தூர்த்து, கடலைப் பல மைல் தள்ளிவிட்டிருந்தது.

வரப்பில் நின்ற ஒருவர், "கடலா? இங்கன ஏது அண்ணாச்சி கடல்? புன்னக்காயலுக்குல்லா போவணும்" என்றார். அங்கே போகப் பஸ்ஸும் இல்லை, பொழுதும் இல்லை. அப்பா குளத்தைக் காட்டி, ஒருகாலத்தில் இதுவும் கடல்தான், இதிலேயே முழுகிவிடு என்றார். அம்மா கரையிலேயே நின்றாள்.

"குளிக்கதுக்கு நம்ம ஊருல அருவி கெடக்கு. எங்க அப்பா கேட்டது கடலுல்லா."

மாற்றுப்புடவை மடிப்புக் கலையாமல் வீடு திரும்பியது. அப்பா அதன்பின் அந்த நோட்டுகளைத் தொடவில்லை. திருச்செந்தூருக்குப் போவோம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் அம்மா "பாப்போம்" என்பாள். பார்க்கவே இல்லை.

எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. வீடு கடற்கரையிலிருந்து பத்து நிமிட நடையில். என் பிரசவத்துக்கு வந்த அம்மா மூன்று மாதம் இருந்தாள். வெந்நீர் போட்டாள், பத்தியம் சமைத்தாள், பிள்ளையைத் தூங்கவைத்தாள். அதற்குள்தான் ஆடி அமாவாசையும் வந்தது. அன்று காலையில் வாசலில் நின்றுகொண்டு, "ஏட்டி, கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். பிள்ளை அழுதுகொண்டிருந்தது. கையால் கிழக்கைக் காட்டிவிட்டு, சாயங்காலம் போவோம் என்றேன். சாயங்காலம் பிள்ளைக்குக் காய்ச்சல். மறுநாள் அம்மா வழக்கம்போல வெந்நீர் போட்டாள்.

அம்மா போய்ச்சேர்ந்து மூன்று வருடமாகிறது. அப்பாவின் நோட்டுகளைக் கறையான் தின்று முடித்துவிட்டது. அவர் இரண்டாயிரம் வருடம் பிந்திப்போனார், மன்னித்துவிடலாம். நான் பத்து நிமிடம் நடக்கவில்லை. ஆடி அமாவாசைக்கு முழுகப் போகிறவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறார்கள். அன்று நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.