நகர்ந்த கல்

சிவப்புப் பெயின்ட்டில் அம்புக்குறி போட்ட ஒரு கருங்கல். இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். ரேணிகுண்டா பக்கத்தில் நான் சிவில் படித்த பல்கலைக்கழகம் என்றால் எனக்கு அந்தக் கல்தான் நினைவுக்கு வருகிறது. கட்டடங்களை எப்படி நினைவில் வைப்பது? நாங்கள் சேர்ந்தபோது ஒரே ஒரு பிளாக். பிறகு ஒவ்வொரு லீவு முடிந்து வரும்போதும் ஏதாவது ஒன்று முளைத்திருக்கும். நேற்று கிரிக்கெட் ஆடிய இடத்தில் இன்று கம்பி கட்டுவார்கள். சித்தூர் பஸ்ஸை விட்டு இறங்கி, இன்றைக்கு வகுப்பு எங்கே என்று தேடுவதே எனக்குப் பெரிய பாடு.

எங்கள் வகுப்புக்கு ஒரு லீடர் இருந்தாள், குடுபல்லிக்காரி. ஆசிரியர்கள்கூட அவளை லீடர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசி வருடம் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அரியர் இல்லாமல் பட்டத்தோடு வரவேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. கூலி வேலைக்குப் போகும் அவள் நைனா அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். இனி அவள் தோற்க முடியாது.

நாங்கள் நான்கு பேர் ஒரே புராஜெக்டில் இருந்தோம். மழை பெய்தால் குளமாகிவிடும் வளாகத்துக்கு வடிகால் வரைய வேண்டும். அதற்கு ஓர் அசையாத குறி வேண்டும், எல்லா உயரத்தையும் அதிலிருந்துதான் கணக்கிடுவோம். லீடர் அந்தக் கல்லைக் காட்டினாள். ஆனை வந்து முட்டினாலும் அசையாது என்று நாங்களும் தலையாட்டினோம். ஆனை வரவில்லை, பொங்கல் லீவில் ஜேசிபி வந்தது. புது ஹாஸ்டலுக்குப் பாதை போட்டவர்கள் கல்லைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். புண்ணியவான்கள், சிவப்புக் குறி மேலே தெரியும்படியே வைத்திருந்தார்கள். அது நகர்ந்தது தெரியாமல் நாங்களும் மீதிப் பாதியை அதே கல்லிலிருந்து அளந்து தொலைத்தோம்.

வரைபடத்தை முடித்துப் பார்த்தால், தண்ணீர் மேடேறி ஓடியது. பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லை. கல் இடம் மாறியிருந்தது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எண்களைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்றான் எங்களில் ஒருவன். லீடர் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“மழத்தண்ணி பாக்கும்டா” என்றாள். “கல்லக் காட்னது நானு. அத ஒத்துக்கினு மறுபடியும் அளக்கலாம்.”

வெயில் ஏறினால் கானலில் அளவுகோலின் எண்கள் நடுங்கும், படிக்க முடியாது. அதனால் விடிந்ததும் வேலை. மறுநாள் நாங்கள் போனபோது, ஹாஸ்டலிலிருந்து பாதி வகுப்பு பல்கூடத் தேய்க்காமல் வந்து நின்றிருந்தது. யாரும் கூப்பிடவில்லை. இந்த முறை பழைய பிளாக்கின் படிக்கட்டில் குறி போட்டோம். தெலுங்கில் எண்ணைக் கத்துவான் ஒருவன், தமிழில் எழுதிக்கொள்வாள் இன்னொருத்தி. நான்கு வருடத்தில் நாங்கள் ஒரே வகுப்பாக இருந்தது அந்தக் காலைகளில்தான் என்று இன்றும் சொல்வேன்.

வெளியிலிருந்து வந்த பரீட்சகரிடம் லீடர் முதலில் சொன்னதே தப்பைத்தான். அவர் வரைபடத்தை மூடிவிட்டு, அந்தக் கல்லைக் காட்டு என்றார். கொளுத்தும் வெயிலில் அவர் முன்னால் நடக்க, நாங்கள் செத்தோம் என்று பின்னால் போனோம். அவர் கல்லைச் சுற்றிப் பார்த்தார். ஜேசிபியின் பல் கீறிய தடத்தை விரலால் தடவினார். பிறகு சிரித்தபடி, “மீரு இஞ்சினியர்லு அய்யாரு” என்றார். நீங்கள் இன்ஜினியர்களாகிவிட்டீர்கள் என்று அர்த்தம். லீடர் அங்கேயே அந்தக் கல்மேல் உட்கார்ந்து அழுதாள்.

போன மாதம் தம்பியைச் சேர்க்க அங்கே போயிருந்தேன். நல்ல மழை. பழைய பிளாக்கின் ஓரமாக, நாங்கள் வரைந்த வழியிலேயே வடிகால் கட்டியிருந்தார்கள். தண்ணீர் சலசலவென்று பள்ளம் பார்த்து ஓடியது. கல்லைத்தான் பழைய இடத்தில் காணோம். தேடிப் பார்த்தால், புது நூலகத்தின் பின்னால் கிடந்தது, அம்புக்குறி வெளுத்துப்போய். அதன்மேல் இரண்டு பிள்ளைகள் குடைபிடித்துக்கொண்டு டீ குடித்தார்கள்.

லீடருக்கு போன் போட்டேன். ஸ்ரீசிட்டியில் ஏதோ சைட்டில் இருந்தாள், பின்னால் மிஷின் சத்தம். கல் மறுபடியும் நகர்ந்துவிட்டது என்றேன்.

“நவுரட்டும்” என்றாள். “தண்ணி எப்டி போய்க்கினு கீது, அத மொதல்ல சொல்லு.”