வாக்குமூலம் கற்ற கணினி

மன்னார்க் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்கிற சிங்கராசாவின் வீட்டில் எந்தச் செய்தியையும் நடுவிலிருந்து தொடங்கிச் சொல்ல முடியாது. கறிக்கு ஏன் உப்புக் குறைவு என்று கேட்டால், அவர் மனைவி சிவக்கொழுந்து காலையில் சங்கக்கடைக்குப் புறப்பட்டதிலிருந்து தொடங்குவார். வழியில் கண்டவர்கள், பஸ் பிந்திய காரணம் எல்லாம் வந்த பிறகுதான் உப்பு வரும்.

அவர்களின் ஒரே மகள் தக்சிகா. 1995இல் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் பிறந்து, 2012இல் பெற்றோருடன் ஊர் திரும்பியவள். முகாமைச் சுற்றியிருந்தவர்கள் அவளைச் 'சிலோன் பொண்ணு' என்றார்கள். இங்கே வந்து ஒரு தடவை 'என்னாச்சு' என்று கேட்டதற்கு 'இந்தியாக்காரி' ஆகிவிட்டாள். இரண்டு கரைப் பேச்சும் காதில் நின்றதாலோ என்னவோ, பல்கலைக்கழக வளாகத்தில் கணினி படிக்கும்போது, மன்னார்ப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் நிரலையே இறுதி ஆண்டு ஆய்வாகத் தெரிந்தெடுத்தாள். கூட்டாளி, பேசாலையைச் சேர்ந்த கஜீபன். நிரல் எழுதுவது அவன் பொறுப்பு. குரல் சேர்ப்பதும் கட்டுரை எழுதுவதும் அவள் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் நடக்கவிருந்த மாணவர் ஆய்வரங்கு கட்டுரையை ஏற்றால், விரிவுரையாளர் உம்மு ஸல்மாவின் திட்டத்தில் இருவருக்கும் ஒரு வருட வேலை உண்டு. ஏற்காவிட்டால், மன்னார் பஸ் நிலையத்தடியில் போட்டோக்கொப்பி எடுக்கும் கடையொன்றில் ஆள் தேவை என்று தக்சிகா ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள்.

குரல் சேர்க்க முதலில் போனது சரவணமுத்தரிடம். ஊரில் அவரைப்போல் வாய் ஓயாதவர் இல்லை. தக்சிகா அனுமதி கேட்டு, கைத்தொலைபேசியை மேசையில் வைத்தாள்.

"அப்பு, உங்கட பாட்டில ஏதும் கதையுங்கோ."

சரவணமுத்தர் சேட்டின் மேல்தெறியைக் கழுத்தடியில் பூட்டிக்கொண்டு கதிரையில் நிமிர்ந்தார். முழுப்பெயர் சொன்னார். தகப்பன் பெயர் சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்து மடுவுக்குப் போனது, அங்கிருந்து பேசாலை, படகில் இராமேஸ்வரம், முகாம், திரும்பி மீள்குடியேறியது என்று வரிசை பிசகாமல் வந்தார். இழந்தவை: உழவு இயந்திரம் ஒன்று, பசுமாடு, கூரைத் தகரம். முடித்துவிட்டு, "எங்க பிள்ளை கையெழுத்து வைக்கிறது?" என்றார்.

அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும். மீள்குடியேறிய காலம் முழுக்க, மேசையில் எதையாவது வைத்து "கதையுங்கோ" என்றவர்கள் எல்லோரும் கேட்டது இதைத்தான். கிராம அலுவலரான விதானையார் கேட்டார், நிறுவனங்கள் கேட்டன, வெள்ளை வாகனத்தில் வந்தவர்கள் கேட்டார்கள். ஆகவே கேட்பதற்கு முன்பே சனம் சொல்லப் பழகியிருந்தது. தக்சிகாவுக்கு இது விசித்திரமாகவே படவில்லை. அவளும் அப்படித்தானே வளர்ந்தாள்.

கணினிக்கோ கொண்டாட்டம். பயிற்சிக்குக் கொடுக்காமல் ஒதுக்கிவைத்த பதிவுகளில் சோதித்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு சொல் சரி. "அவர் 'தொண்ணூறாம்' எண்டு வாய் திறக்க, இது 'ஆண்டு இடம்பெயர்ந்து' எண்டு எழுதி முடிச்சிட்டு நிக்குதடி!" என்று கஜீபன் துள்ளினான்.

அந்தச் சந்தோஷப் புளுகத்தோடு தக்சிகா வீட்டு முற்றத்தில் நிரலை ஓடவிட்டாள். அந்நேரம் பார்த்து சிவக்கொழுந்து குசினியிலிருந்து கத்தினார்.

"அந்த ஆட்டைப் பிடிச்சுக் கட்டடி, பூக்கண்டெல்லாம் திண்டு முடிச்சிட்டுது!"

திரையில் எழுத்து விழுந்தது: 'ஆடு ஐந்து. கோழி பன்னிரண்டு. வீடு முற்றாகச் சேதம்.'

சிவக்கொழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "ஆரடி இது, எனக்குத் தெரியாமல் என்ர பேரில நட்டஈட்டுக்கு எழுதிறது?"

தக்சிகா ஆட்டைக் கட்டப் போனாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் சோதித்தாள். சண்டை, சிரிப்பு, சந்தைப் பேச்சு எதைக் கொடுத்தாலும் கணினி பெரும்பாலும் இழப்புகளைத்தான் எழுதியது.

கட்டுரையில் இதை அவள் மறைக்கவில்லை. நடந்ததெல்லாம் எழுதினாள். அதுதான் வினையாயிற்று. உம்மு ஸல்மா வரைவைத் திருப்பி அனுப்பியபோது, பதினோராம் பக்கத்தில் ஆட்டுச் சங்கதி வந்த இடத்தை வட்டமிட்டிருந்தார். அருகில் ஒரே கேள்வி: 'இது ஏன் இங்கே?'

தக்சிகா தொலைபேசியில் அழைத்தாள். "அது அப்பதான் மிஸ் நடந்தது."

"நடந்த ஒழுங்கில எழுதச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது? விதானையாரோ?"

மிஸ் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். தக்சிகா வரைவைப் புதிதாக வாசித்தாள். முதலில் எந்த ஊரில் பதிந்தது. பிறகு எந்த ஊருக்குப் போனது. தொலைபேசி பழுதாகிப் பதிவுகள் மடிக்கணினிக்கு மாறியது. மடிக்கணினி பழுதாகி வவுனியாவுக்குப் போனது. ஐந்தாம் பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது. தலைப்பு: இழந்தவை. காற்றால் இழந்த பதிவு, நாய் குரைத்து இழந்த பதிவு, பற்றரி இறங்கி இழந்த பதிவு. பிள்ளை அசல் வாக்குமூலமே எழுதியிருந்தாள். கையெழுத்து ஒன்றுதான் குறை. அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சிரிப்பு அடங்கியபோது, கட்டுரை எங்கே தொடங்கவேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

ஆட்டுச் சங்கதி எழுப்பிய கேள்வியை முன்னுக்கு வைப்பது கஜீபனுக்குப் பிடிக்கவில்லை. "விசரே உனக்கு? தொண்ணூற்று நாலை முதல் பக்கத்தில போடு. ஆட்டைக் கடைசியில, 'குறைபாடுகள்' எண்டு ஒரு வரியில கட்டு."

"அந்தத் தொண்ணூற்று நாலு பேச்சைக் கேட்டு வந்ததில்லையடா. பாடமாக்கி வந்தது."

"அதை ஏற்கிற ஆக்களுக்கு நீ ஏன் சொல்லோணும்? வேலை வேண்டாமோ உனக்கு?"

"வேணும். உன்னைவிடக் கூட வேணும். வேலை கிடைச்ச பிறகு ஒரு நாளைக்கு மிஸ் இதை முற்றத்தில ஓடவிட்டுப் பார்த்தா என்னடா சொல்லுவாய்?"

கஜீபன் வரைவை அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

அவள் மறுபடி சரவணமுத்தரிடம் போனாள். இந்தமுறை பக்கத்து வயல்காரர் பஸ்தியாம்பிள்ளையையும் கூட்டிவந்து, இருவரிடமும் பதியப்போவதாகச் சொல்லிவிட்டு, தொலைபேசியை வைத்தாள். அவரவர் கதையைக் கேட்கவில்லை. "போன சிறுபோகத்தில சரவணமுத்தர் அப்புவின்ர வயல் தண்ணியை ஆர் திருப்பினது?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆரோ? இந்தா, பக்கத்தில குந்தியிருக்கிறாரே மகாராசா!" என்றார் சரவணமுத்தர்.

"ஓமோம், உம்மட வரப்பை நண்டு துளைச்சுத் தண்ணி ஓடினதுக்கு, நான்தான் போய் நண்டுக்குப் பல்லுக் குடுத்தனான்!" என்றார் பஸ்தியாம்பிள்ளை.

மேல்தெறி கழன்றது. தேத்தண்ணி ஆறியது. தொலைபேசி இருப்பதை இருவரும் மறந்தே போனார்கள். அந்தச் சண்டையைப் பழைய நிரல் நூற்றுக்கு முப்பத்தொன்றுதான் சரியாகப் பிடித்தது. இப்படிப் பல வீடுகளில் சண்டையும் பகிடியும் சேர்த்துப் பயிற்றிய பிறகு, முன்பு கேட்டிராத வாய்களில் ஐம்பத்தெட்டுக்கு ஏறியது.

கட்டுரையை அவள் கேள்வியில் தொடங்கினாள்: நாம் கேட்கும் விதம், கணினி கற்கும் பேச்சை எவ்வளவு மாற்றுகிறது? அடுத்த வரியிலேயே விடை: தொண்ணூற்று நான்கு என்பது வாக்குமூலத்துக்கு, பேச்சுக்கு ஐம்பத்தெட்டு. பிறகு முன்னைய ஆய்வுகள், பதிந்த முறை, சோதனை, முடிவு. பழுதான மடிக்கணினிக்கு அடிக்குறிப்பிலும் இடம் கிடைக்கவில்லை. இழந்தவை அட்டவணையை வெட்டும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது.

ஆய்வரங்கு கட்டுரையை நிபந்தனையோடு எடுத்தது: மேடையில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகே இறுதி முடிவு. யாழ்ப்பாணத்தில் அவள் பேசி முடித்ததும், முன்வரிசையில் தெரிவுக்குழுவோடு இருந்த ஒரு பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பிள்ளை, மற்றக் குழுக்கள் எல்லாம் தொண்ணூறுக்கு மேல. உங்கட நிரல் ஐம்பத்தெட்டுத்தானோ?"

பக்கத்தில் கஜீபன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஓம் சேர். ஆனால் மற்றக் குழுக்களின்ர தொண்ணூறு எதைக் கேட்டு வந்தது எண்டு அவையிட்ட ஒருக்காக் கேளுங்கோ."

மண்டபத்தில் சிரிப்புக் கிளம்பியது. பேராசிரியர் சிரிக்கவில்லை. அவர் பின்வரிசைக்குத் திரும்பி, சற்று முன் தொண்ணூற்றாறு சொல்லிவிட்டு இறங்கிய குழுவைப் பார்த்தார்.

"நீங்கள் ஆரிட்டப் பதிஞ்சனீங்கள்? என்ன கேட்டனீங்கள்?"

அந்தக் குழுவின் தலைவன் எழுந்து நின்று, சேட்டின் மேல்தெறியைப் பூட்டிக்கொண்டு, முதன்முதல் எந்த ஊருக்குப் போனது என்பதிலிருந்து சொல்லத் தொடங்கினான். பேராசிரியர் அவன் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. தக்சிகாவின் கட்டுரைக்கு மேல் 'ஏற்கப்பட்டது' என்று எழுதி, பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார்.